பயணத்தில் இசை கேட்க இயர்போனும் பிளேயரும்: ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ரயில் பயணங்களில் கர்நாடக இசை கேட்பதற்காக, கைபேசியைச் சாராத தனி மியூசிக் பிளேயர் ஒன்றும் அதற்கேற்ற இயர்போனும் வாங்க எண்ணியுள்ளேன். என்னிடமுள்ள குறுந்தகடுகளை எல்லாம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் ஃப்ளாக் (FLAC, ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் வடிவம்) கோப்புகளாக மாற்றி வைத்திருப்பதால், மெமரி கார்டு வசதியும் 3.5 மி.மீ. ஜாக்கும் உள்ள கருவியே எனக்குப் பொருந்தும். ப்ளூடூத் பெரும்பாலும் ஒலியைச் சுருக்கியே அனுப்புவதால் ஒயர் உள்ள இயர்போனையே விரும்புகிறேன். மிருதங்கத்தின் வலந்தலையும் (வலப்பக்கம்) தொப்பியும் (இடப்பக்கம்) ஒன்றோடொன்று குழம்பாமல் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்பதே என் முதன்மையான தேவை; பேஸ் (தாழ்சுருதி) ஒலியை மிகைப்படுத்தும் மாடல்களில் தம்புராவின் நாதம் அமுங்கிவிடுகிறது, அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ரயில் இரைச்சலைக் குறைக்கச் இயர்போனில் சிலிகோன் முனை போதுமா, நுரை முனை வேண்டுமா? 16 அல்லது 32 ஓம் மின்தடை கொண்ட இயர்போனுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் தேவைப்படாது என்றே கருதுகிறேன். இரண்டும் சேர்த்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் அமையுமாறு, நீங்கள் பயன்படுத்தி நிறைவடைந்த மாடல்களைத் தெரிவிக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.