அலுவலகப் புதிர் வேட்டையில் ஒரே ஆள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார் – உதவி தேவை (அவசரம்)

கார்த்திகா_கே:
வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீஸில் புதிர் வேட்டை. வெவ்வேறு டீம் ஆட்கள் பேசிப் பழக வேண்டும் என்பதுதான் நோக்கம். நேற்று ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். ஒரே ஒருவர் மடமடவென்று எல்லாவற்றையும் முடித்துவிட்டார், மற்றவர்கள் போனைப் பார்த்தபடி நின்றார்கள். போதாக்குறைக்கு, சரியான விடையைப் போட்டாலும் ஃபார்ம் சிலருக்கு 'தவறு' என்கிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது? உடனே சொல்லுங்கள் ப்ளீஸ்.

மாடிப்படி:
எத்தனை பேர்? ஓர் அணிக்கு எத்தனை பேர்? எல்லாரும் ஒரே கட்டடமா, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களும் உண்டா?

பெருங்குடிவாசி:
பரிசு என்ன வைத்திருக்கிறீர்கள்? சின்னப் பரிசாக இருந்தால் யாரும் மெனக்கெட மாட்டார்கள். எங்கள் இடத்தில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்தோம், கூட்டம் அள்ளியது. முதலில் பரிசை மாற்றுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

ஷீட்மாமா:
எந்த விடை தவறு என்று வருகிறது? அதைச் சொல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் தட்டச்சு செய்கிறார்களா?

விடுகதையார்:
இந்தக் குழுவில் இதே கேள்விக்கு நான் முன்பே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1981இலிருந்து மிஸ்டரி ஹன்ட் என்ற புதிர் வேட்டை நடக்கிறது. ஜனவரி மாத வார இறுதியில் தூக்கத்தை விட்டுவிட்டு விளையாடுகிறார்கள். கடைசியில் கிடைப்பது ஒளித்து வைத்த ஒரு நாணயம், கூடவே அடுத்த ஆண்டு வேட்டையை எழுதும் பொறுப்பு. ஆகவே பரிசு என்ற பேச்சே வேண்டாம். ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் புதிர்களைக் கோத்தால் வேகமான ஆள் முன்னால் ஓடத்தான் செய்வார். எல்லாப் புதிரையும் ஒரே நேரத்தில் திறந்து வையுங்கள். அவற்றின் விடைகள் சேர்ந்து ஒரு இறுதிப் புதிருக்குள் போக வேண்டும். இது அரிச்சுவடி.

கார்த்திகா_கே:
மன்னிக்கவும், மீட்டிங்கில் இருந்தேன். மொத்தம் 80 பேர், இரண்டு தளம். அணிக்கு 10 பேர். எல்லாரும் அன்றைக்கு ஆபீஸ் வருவார்கள். புதிர்கள் ஒவ்வொன்றாகத்தான் திறக்கும். தவறு என்று வரும் விடை: கோபுரம். எனக்கு ஏற்கிறது, சிலருக்கு ஏற்கவில்லை.

மாடிப்படி:
10 பேர் ரொம்ப அதிகம் மேடம். நாலைந்து பேருக்கு மேல் போனால் பின்வரிசை உருவாகிவிடும். 16 அணியாகப் பிரியுங்கள், அணிக்கு 5 பேர், ஐந்தும் வெவ்வேறு டீம். அவர்களாகச் சேர விடாதீர்கள், சேர விட்டால் தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு அணியாக நிற்பார்கள்.

ஷீட்மாமா:
கோபுரம்! நினைத்தேன். இது எழுத்துக் குறியீட்டுச் சிக்கல். கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் 'கோ'வில் வரும் ஓகாரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாகவும் வரும், ஏகாரக் குறி, ஆகாரக் குறி என்று இரண்டு துண்டாகவும் வரும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. சில கீபோர்டுகள் துண்டாக அனுப்புகின்றன. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை. பல விடைகளை ஏற்கும் வசதி உங்கள் ஃபார்மில் இருந்தால் இரண்டு வடிவத்தையும் போடுங்கள். இல்லையென்றால் இந்தக் குறிகள் வராத சொல்லாக விடையை மாற்றுங்கள். 'கடிகாரம்' போட்டால் பிரச்சினை வராது. சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்பேஸையும் கவனியுங்கள், போன் கீபோர்டு தானாகவே சேர்த்துவிடும்.

இன்னொன்று. 'மூன்றாம் எழுத்தை எடு' என்று ஏதாவது புதிர் வைத்து, அதை ஷீட்டில் ஃபார்முலா போட்டுச் சரிபார்த்தால் கோளாறாகும். குறிகளையும் புள்ளியையும் ஷீட் தனித்தனியாக எண்ணும், அதனால் கோபுரம் நமக்கு நாலு எழுத்து, ஷீட்டுக்கு ஏழு. எழுத்தைக் கையால் எண்ணுங்கள்.

பெருங்குடிவாசி:
இதற்குத்தான் விடைகளை இங்கிலீஷில் வைக்க வேண்டும் என்பது. ஆபீஸில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்களே.

மாடிப்படி:
இருந்தால் நல்லதுதானே. தமிழ் படிக்கத் தெரிந்தவர் உதவி ஒரு புதிருக்கு வேண்டும், இந்தி தெரிந்தவர் உதவி இன்னொன்றுக்கு. யாரும் தனியாக முடிக்க முடியாது.

தோடிப்பிரியை:
அருமையான யோசனை சொல்லவா? கடபயாதி வையுங்கள், எழுத்துக்கு எண் கொடுக்கும் முறை அது. கர்நாடக இசையின் தாய் ராகங்களான மேளகர்த்தா ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்தே அதன் எண். மேசகல்யாணி: மே 5, ச 6, திருப்பிப் போட்டால் 65. 72 ராகமும் இப்படித்தான். பாட்டுக் கற்றவர்கள் எந்த ஆபீஸிலும் ஒருவராவது இருப்பார்கள்.

ஷீட்மாமா:
தமிழ் எழுத்தில் உதைக்கும் அம்மா. கனகாங்கி 1, கானமூர்த்தி 3. உயிர்க்குறிக்குக் கணக்கில்லை, ஆக இரண்டுமே க, ன (ன 0). கடபயாதி அட்டவணைப்படி வடமொழியின் நாலு 'க'வில் முதலாவதற்கு 1, மூன்றாவதற்கு 3. நம் எழுத்தில் நாலுக்கும் ஒரே க. எது எது என்று எப்படித் தெரியும்?

தோடிப்பிரியை:
பாட்டுப் புத்தகங்களில் க1, க2, க3, க4 என்று எண் போட்டு அச்சிடுவதில்லையா? அப்படிக் கொடுத்தால் போயிற்று.

ஷீட்மாமா:
க3 என்று போட்டாலே 3 வந்துவிட்டது! ட, ப வரிசைக்கும் அதேதான். புதிரே இல்லாமல் போய்விடும்.

தோடிப்பிரியை:
த வரிசையில் அப்படி இல்லை சார். அது ட வரிசையைத் தொடர்ந்து எண்ணப்படுவதால் த1 போட்டால் 6.

விடுகதையார்:
இருவரும் கேள்வியை விட்டு எங்கோ போய்விட்டீர்கள். ராகம் தெரிந்த ஒருவர் அரை நிமிடத்தில் முடிப்பார், மற்ற நாலு பேர் நிற்பார்கள். கார்த்திகா கேட்டது இந்த நிலையை எப்படித் தவிர்ப்பது என்று.

தோடிப்பிரியை:
அட்டவணையை ஒருவர் கையிலும் ராகப் பெயர்களை இன்னொருவர் கையிலும் கொடுத்தால் நிற்க மாட்டார்கள். நீங்கள் சொல்வது மட்டும்தான் புதிரா?

மாடிப்படி:
அக்கா சொன்னதுபோல் ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக் கொடுப்பதுதான் விஷயம். கார்த்திகா மேடம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு அட்டை கொடுங்கள். விதி ஒன்றே ஒன்று: அட்டையைக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மற்ற நாலு பேரிடம் கேட்காமல் நகர முடியாது.

அதைவிட நல்லது, ஆட்களையே புதிராக்குவது. இப்போதே எல்லாரிடமும் சொந்த ஊரும் வேலைக்குச் சேர்ந்த தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், புதிரில் வரும் என்று சொல்லி, விருப்பம் உள்ளவர்களிடம் மட்டும். அக்கவுண்ட்ஸில் ஒருவர் தேனிக்காரர், சப்போர்ட்டில் ஒருவர் திருவாரூர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சேர்ந்தவர் ஊரின் முதல் எழுத்து, அடுத்தவர் ஊரின் முதல் எழுத்து. தேனி, திருவாரூர்: 'தேதி'. நேராக சுவர் காலண்டருக்குப் போவார்கள். மாற்றிப் போட்டால் சொல்லே வராது, அதனால் சரியா தவறா என்று யாரிடமும் கேட்க வேண்டாம். இதை விடுவிக்க இரண்டு பேரிடமும் போய் உட்கார்ந்து எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று கேட்டாக வேண்டும். நீங்கள் விரும்புவது அந்தப் பேச்சைத்தானே?

விடுகதையார்:
இது நன்றாக இருக்கிறது. ஒன்று சேர்க்கிறேன். புதிரை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து பாருங்கள். எழுதியவருக்கு எல்லாமே சுலபமாகத்தான் தெரியும். பத்து நிமிடம் நகராமல் இருந்தால் கொடுக்க ஒரு துப்புக் கவரும் தயாராக இருக்கட்டும்.

பெருங்குடிவாசி:
செக்யூரிட்டி அண்ணனிடமும் ஹவுஸ்கீப்பிங் அக்காக்களிடமும் முன்னாடியே சொல்லிவிடுங்கள். ஒட்டி வைத்த துப்பைக் குப்பை என்று எடுத்துவிடுவார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. முடிந்தால் அவர்களையும் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள், கட்டடம் அவர்களுக்குத்தான் முழுசாகத் தெரியும். வேலை நேரத்திலேயே நடத்துங்கள். ஆறு மணிக்கு மேல் வைத்தால் குழந்தை உள்ளவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஆனாலும் பரிசு முக்கியம்.

கார்த்திகா_கே:
எல்லாருக்கும் நன்றி! விடையைக் கடிகாரம் என்று மாற்றிவிட்டேன், இப்போது எல்லா போனிலும் ஏற்கிறது. அட்டைகள் பிரிண்ட் போகிறது.

மாடிப்படி:
வெள்ளி முடிந்ததா மேடம்? என்ன ஆச்சு?

கார்த்திகா_கே:
நடந்தது. அட்டை நன்றாக வேலை செய்தது, ஊர் புதிரில் ஒரே சத்தம். வெள்ளோட்டத்தில் தனியாக முடித்தவர் கேன்டீனில் நின்று எல்லாரிடமும் ஊர் கேட்டுக்கொண்டிருந்தார். இறுதிப் புதிரில் மட்டும் மூன்று அணி சிக்கிக்கொண்டது. விவரம் பிறகு எழுதுகிறேன்.

ஷீட்மாமா:
எந்த இடத்தில் சிக்கினார்கள்? எழுத்து எண்ணிக்கையிலா?