பழைய வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாயை மாற்றிய அனுபவம் – உங்களுடையதையும் எழுதுங்கள்

எங்கள் வீட்டில் கழிவறைக் குழாய் எல்லாமே வார்ப்பிரும்பு, நாலு அங்குலம், வீடு கட்டியபோது போட்டது. கீழ்த்தளத்துச் சீலிங்கில் உள்ளங்கை அளவுக்குத் துரு நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. மேலே பெயின்ட் அடித்தோம். மூன்று மாதத்தில் திரும்ப வந்தது, திரும்பவும் அடித்தோம். வேறு யாரும் இப்படிச் செய்துவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சீலிங் பலகையைக் கழற்றிப் பார்த்தால், படுக்கையாகப் போகிற குழாயின் அடிவயிற்றில் வரிசையாகத் துருக் கொப்புளங்கள். அதில் ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத்தான் அழுத்தினேன், முனை அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கையில் வந்த துரு நனைந்த அட்டை மாதிரி ஏடு ஏடாக உரிந்தது. மேல்பக்கம் சுத்தியலால் தட்டினால் ணங்கென்று மணிபோலக் கேட்கிறது, அடியில் தட்டினால் பொத்தென்று ஒரு சத்தம்.

முதலில் எபாக்சி புட்டி வைத்து, மேலே ரப்பரைச் சுற்றி கிளாம்ப் போட்டோம். அந்த ஓட்டை நின்றது, ஆனால் ஒரு அடி தள்ளி அடுத்தது ஆரம்பித்தது. அதற்கு அப்புறம்தான் கேமரா விட்டுப் பார்த்தோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். உள்ளே துருப் பொருக்கு முண்டு முண்டாக வளர்ந்து பாதி வழியை அடைத்திருந்தது, தலைமுடியும் பேப்பரும் அதில்தான் சிக்கிச் சிக்கி நின்றிருக்கின்றன. நாங்களோ ஒவ்வொரு முறையும் அடைப்பை மட்டும் எடுத்துவிட்டு விட்டுவிட்டோம். செங்குத்தாக இறங்குகிற குழாய் மட்டும் ஆச்சரியமாக நன்றாகவே இருந்தது. அதில் தண்ணீர் தங்காமல் விழுந்துவிடுகிறது, படுக்கைக் குழாயிலோ அடியில் எப்போதும் ஈரம். கழிவிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மேல்பக்க ஈரத்தில் பாக்டீரியாவால் கந்தக அமிலமாக மாறி மேலேயும் அரிக்கும் என்று பிளம்பர் சொன்னார். அதனால் அடி நன்றாக இருக்கிறது என்று நம்பியும் விட்டுவிடக்கூடாது.

முடிவாக, படுக்கைக் குழாயை முழுக்க எடுத்துவிட்டு பி.வி.சி. போட்டோம், செங்குத்துக் குழாயை வைத்துக்கொண்டோம். பழைய ஜாயின்ட்டில் சணல் திணித்து மேலே ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள், அதைத் தோண்டி எடுக்கப் போகாமல் ஒரு சாண் தள்ளி நல்ல இரும்பில் வெட்டுவதுதான் சரி. சங்கிலியைக் குழாயைச் சுற்றி இறுக்கி முறிக்கிற சங்கிலிக் கட்டர் போட்டால் உளுத்த குழாய் நேராக முறியாது, நொறுங்கிவிடும், அதனால் சுழலும் பிளேடால் அறுக்கிற கிரைண்டர்தான். இரும்பையும் பி.வி.சி.யையும் சேர்க்க உள்ளே ரப்பரும் மேலே ஸ்டெயின்லெஸ் பட்டையும் உள்ள கப்ளிங் போடுகிறார்கள். இரண்டும் நாலு அங்குலம் என்று சொன்னாலும் வெளிவிட்டம் சில மில்லிமீட்டர் வித்தியாசப்படும். எங்களுக்கு முதலில் சாதாரணக் கப்ளிங் போட்டு, அன்று இரவே சொட்டியது. இரண்டு பக்கமும் அளந்து அதற்கென்றே உள்ளதை வாங்கிப் போட்ட பிறகுதான் நின்றது. வாட்டம் மீட்டருக்கு 2 செ.மீ. கொடுத்திருக்கிறோம்.

*

நல்ல பதிவு நண்பரே. ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன், தயவுசெய்து யாரும் இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் செங்குத்துக் குழாயையே வெட்ட வேண்டி வந்தது. நாலு அங்குல வார்ப்பிரும்பு மூன்று மீட்டர் என்றாலே முப்பது கிலோவுக்கு மேல். கீழே வெட்டிவிட்டால் மேலே இருப்பதை எது தாங்கும்? வந்தவர் தாங்கு கிளாம்ப் எதுவும் போடாமல் கிரைண்டரை எடுத்தார், பாதி வெட்டும்போதே பிளேடு இறுகிப் பிடித்துக்கொண்டது, மேல்பாரம் இறங்க ஆரம்பித்துவிட்டது. ஓடிப்போய் மரக்கட்டை முட்டுக் கொடுத்தோம். அந்த ஐந்து நிமிடத்தை என்னால் மறக்கவே முடியாது. வெட்டுக்கு மேலே கிளாம்ப் போட்டுச் சுவரில் பாரத்தை ஏற்றிய பிறகுதான் கத்தியே தொட வேண்டும்.

நாங்கள் ஏன் வெட்டினோம் என்றால், தண்ணீர் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, வாடை மட்டும் வந்துகொண்டே இருந்தது. குழாய்க்குள் புகை விட்டுப் பார்த்ததில் சுவரை ஒட்டிய பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நீளவாக்கில் ஒரு விரிசல்.

*

எங்களுக்குக் குழாய் தரைக் கான்கிரீட்டுக்கு அடியில். உடைக்க மனமில்லாமல் உள்ளே ரெசின் (கெட்டியாக இறுகிவிடும் பிசின்) லைனிங், அதாவது உள்பூச்சு மாதிரி ஒரு உறை, போட்டோம். முதலில் சுழலும் சங்கிலியால் துருவைச் சுரண்டி, கழுவி, பிறகு ரெசினில் ஊறிய துணிக்குழலை உள்ளே விட்டு இறுக வைக்கிறார்கள். நான்கு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் குழாய் உருக்குலையாமல் இருந்தால்தான் இது சரிவரும், அடி இடிந்து தொங்கிப்போன இடத்தில் லைனிங்கும் அதே பள்ளமாகத்தான் படியும், தண்ணீர் அங்கேயே தேங்கும். எங்களுக்கு ஒரு மீட்டர் அப்படி இருந்தது, அந்த இடத்தை மட்டும் உடைத்து மாற்றினோம். கிளைக் குழாய் சேர்கிற வாய்களைத் திரும்ப வெட்டித் திறக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு சந்தேகம்: பி.வி.சி. போட்ட பிறகு சத்தம் எப்படி?

*

சத்தம் கூடியது உண்மை. இரும்பு கனமாக இருந்ததால் மேலே ஃபிளஷ் செய்தது கீழே கேட்டதே இல்லை, இப்போது தண்ணீர் சலசலவென்று இறங்குவது நன்றாகவே கேட்கிறது. குழாயைச் சுற்றிக் கனமான ஒலித்தடுப்பு ரப்பர் விரிப்பு கட்டி, தொங்கவிட்ட கிளாம்ப்புகளுக்குள் ரப்பர் வைத்த பிறகு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. செய்வதாக இருந்தால் சீலிங் பலகையை மூடுவதற்கு முன்னால் செய்துவிடுங்கள், நான் மூடிய பிறகு மறுபடி கழற்றினேன்.