வெள்ளைக் குதிரைக்குக் கறுப்புத் தோல்

தோஹாவுக்கு வேலைக்கு வந்து மூன்றாவது வருடம்தான் அரபுக் குதிரைக் கண்காட்சியை நேரில் பார்த்தேன். பிப்ரவரி மாதம், கத்தாரா கடற்கரை, சாயங்காலம். பந்தயம் மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். குதிரை மேல் ஆளே இல்லை. ஒவ்வொன்றாக உள்ளே வருகிறது. பிடித்து வருபவரும் கூடவே ஓடுகிறார். அப்புறம் நடுவர்கள் முன்னால் நிறுத்துகிறார். முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

கூட்டிப்போனவர் லாயத்தில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்து அண்ணன். "முதல்ல மூஞ்சியப் பாரு தம்பி, அப்புறம் வாலப் பாரு" என்றார். பார்த்தேன். கண்ணுக்குக் கீழே பள்ளமாக இறங்கி, மூக்கில் லேசாக மேலே ஏறுகிற முகம். ஓட ஆரம்பித்ததும் வால் கொடி மாதிரி எழுந்தது. நான்கு காலும் தரையில் படாமல் ஒரு கணம் மிதந்தது. கூட்டம் விசிலடித்தது, நானும் அடித்தேன்.

இன லட்சணம், தலையும் கழுத்தும், உடலும் முதுகும், கால், ஓட்டம் என்று ஐந்து விஷயத்துக்கு மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் 20 வரை போடலாம். காலுக்கு மட்டும் நடுவர்கள் கை இறுகித்தான் போடுவார்கள் என்றார் அண்ணன். பலகையில் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

நிகழ்ச்சி முடிந்து பின்பக்கம் போனோம். அவர் ஒரு வெள்ளைக் குதிரையைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். தண்ணீர் பட்டு முடி ஒட்டியதும் உள்ளே தோல் கன்னங்கரேலென்று தெரிந்தது! பிறக்கும்போது முடியும் கருமையாகத்தான் இருந்ததாம், வருடாவருடம் நரைத்து இப்படி ஆகியிருக்கிறது. வம்சத்தைத் தாய் வழியில்தான் சொல்வார்களாம். கஹீலான், சக்லாவி, ஹம்தானி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பெட்டைக் குதிரையைக் கூடாரத்துக்குள்ளேயே கட்டி வளர்த்தவர்கள் பதுவீன்கள் என்கிற பாலைவன நாடோடிகள் என்றும் சொன்னார்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசில்லை. வேறொரு ஊரில் பிறகு பார்த்த கண்காட்சியில், நிற்க மறுத்த ஓர் இளம் குதிரையின் சங்கிலியைப் பிடித்திருந்தவர் வெடுக் வெடுக்கென்று சுண்டினார். அதன் கண்ணில் வெள்ளை தெரிந்தது, உடம்பெல்லாம் நடுங்கியது. நிமிர்ந்து நிற்பது அழகா பயமா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அங்கே கைதட்டியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

பாண்டியர் காலத்தில் ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து கப்பல் கப்பலாகக் குதிரை வந்து அவர்களுடைய காயல் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறது. அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆளில்லாமல் பெரும்பாலானவை வருடம் திரும்புவதற்குள் செத்துப்போனதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். தோஹாவில் அன்றைக்கு இதை அண்ணனிடம் சொன்னேன்.

"அடப்பாவமே" என்றார். அப்புறம் குனிந்து, முன்னங்காலை மடக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, குளம்புக்குள் ஒட்டியிருந்த மண்ணைக் கொக்கியால் ஓரம் ஓரமாக எடுத்தார். கடைசியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். குதிரை கழுத்தைத் திருப்பி, ஈர மூக்கை அவர் முதுகில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றது.