மருவை உறைய வைத்து அகற்ற எது நல்லது?

கேள்வி: சுன்னாகத்தில் சின்னக் கிளினிக் வைத்திருக்கிறேன். மருவோடு வாரத்துக்கு நாலைந்து பேர் வருகிறார்கள். திரவ நைதரசனா, நைட்ரஸ் ஒக்சைட் கருவியா, எதை வாங்கலாம்?

பதில் 1: தம்பி, திரவ நைதரசன் மைனஸ் 196 பாகை, உள்ளங்காலில் தடித்த மருவுக்கு அதுதான் சரிவரும், ஆனால் பாவிக்காமல் வைத்தாலும் குடுவைக்குள் ஆவியாகிக்கொண்டே போகும், நாலைந்து பேருக்காக அதை நிரப்பிக்கொண்டிருப்பது பெரிய கஷ்டம்.

பதில் 2: நைட்ரஸ் ஒக்சைட் மைனஸ் 89 தான். சிலிண்டரில் மாதக்கணக்கில் கிடக்கும், சின்ன மருவுக்குப் போதும். அறையில் காற்றோட்டம் கட்டாயம் வேண்டும்.

பதில் 3: மேலே இருவரும் சொன்னது சரி. எதை வாங்கினாலும், எங்கள் தோல் நிறத்துக்குக் கொஞ்சம் அதிகமாக உறையவிட்டால் வெள்ளைத் தடம் விழும், முகத்தில் மிகக் கவனம். மாறிவரும் கறுத்த மச்சம் என்றால் தொடவே வேண்டாம், தோல் நிபுணரிடம் அனுப்புங்கள்.