கிரியாட்டினின் 0.9, எடை 92 கிலோ: கிட்னிக்கு ஆபத்து உண்டா?

கேள்வி: வயது 46, ஆண். உயரம் 168 செ.மீ., எடை 92 கிலோ. சர்க்கரை இல்லை, பிபி 138/88. கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்றும் தசைக் கழிவு) 0.9, இஜிஎஃப்ஆர் (கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) 106. ரிப்போர்ட்டில் "கிட்னி நார்மல்" என்று இருக்கிறது. சர்க்கரை இல்லாவிட்டாலும் எடையால் கிட்னி கெடுமா?

பதில் 1: கெடலாம் சார். பிஎம்ஐ 32.6. நம்மவர்களுக்கு 25 வந்தாலே உடல் பருமன்தான். அந்த 106-ஐப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்புக்குச் சுருக்கிய கணக்கு. உங்கள் பரப்பு சுமார் 2.07, அதனால் உண்மையில் நிமிடத்துக்கு 127 மி.லி. வடிகிறது. உடம்பு பெருத்தாலும் கிட்னிக்குள் இருக்கும் நுண் வடிகட்டிகளின் எண்ணிக்கை கூடாது. ஒவ்வொன்றும் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்கிறது. அதன் சுவரைத் தாங்கும் போடோசைட் செல்கள் இழுபட்டுக் கழன்றால் புதிதாகப் பெருகுவதில்லை. அங்கே அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும், பிறகு தழும்பு விழும். பாதிச் செயல்திறன் போகும்வரை கிரியாட்டினின் பெரும்பாலும் நார்மலாகவே காட்டும்.

வட கலிஃபோர்னியாவில் 3,20,252 பேரைத் தொடர்ந்து, 2006-ல் வெளியான ஆய்வில், பிஎம்ஐ 30–34.9 உள்ளவர்களுக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் வாய்ப்பு, சரியான எடை உள்ளவர்களைப் போல 3.57 மடங்கு. பிபி, சர்க்கரையைக் கணக்கில் கொண்ட பிறகும் எடையின் பங்கு மறையவில்லை. மடங்கு பெரிது என்றாலும் அந்த நிலைக்குப் போகிறவர்கள் சிலர்தான். பயந்துவிட வேண்டாம்.

பதில் 2: எடுக்க வேண்டியது யூரின் ஏசிஆர், அதாவது சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு எத்தனை மி.கி. அல்புமின் என்ற கணக்கு. காலை முதல் சிறுநீர், நடுப்பகுதி. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இருந்தால் தள்ளிப்போடுங்கள், பொய்யாகக் கூடும். 30-க்குக் கீழே சரி. 30–300 வந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் கூடினால்தான் உறுதி. சாதாரண யூரின் டெஸ்டில் "அல்புமின் நில்" என்பது போதாது, சிறு கசிவு அதில் சிக்காது.

கேள்வி கேட்டவர்: நன்றி. எடை குறைக்க ஜூஸ் டயட் சரியா? உப்பை லோ-சோடியத்துக்கு மாற்றலாமா?

பதில் 3: தினமும் பசலைக்கீரை ஜூஸ், பிலிம்பி (புளிச்சக்காய்) ஜூஸ் வேண்டவே வேண்டாம். அவற்றில் உள்ள ஆக்சலேட் என்ற பொருள் படிந்து நல்ல கிட்னியே திடீரெனப் பழுதாகலாம். லோ-சோடியம் உப்பில் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தைக் கூட்டக்கூடிய டெல்மிசார்டான் மாதிரி பிபி மாத்திரை எழுதினால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள் அடக்கம். மூட்டுவலிக்கு கிட்னியைப் பாதிக்கும் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

முதல் இலக்கு 5 முதல் 9 கிலோ. அவ்வளவு குறைந்தாலே பிபி இறங்கும், அல்புமின் கசிவும் குறைய வாய்ப்பு அதிகம். பட்டினி கிடந்து தசை கரைந்தால் கிரியாட்டினின் தானாக இறங்கி, கிட்னி தேறியது போலக் காட்டும். அப்போதும் ஏசிஆரைத்தான் பாருங்கள்.

பதில் 2: குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பது) பரிசோதனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது சரியாகாமல் சிலருக்கு பிபி மாத்திரைக்கு அடங்காது.