பெயர் சொல்லி அழைத்தால் அது வரம்தானா? எப்படி நிதானித்து அறிவது?

வேதவாசகன்:
ஸ்தோத்திரம். சுகமளிக்கும் கூட்டங்களில் ஊழியர் மேடையில் நின்றபடியே ஒருவருடைய பெயர், ஊர், வியாதி எல்லாம் சொல்லி அழைக்கிறார். கை வைத்ததும் ஆட்கள் விழுகிறார்கள். ஆவியானவர் கொடுக்கும் வரங்கள் இன்றும் உண்டு என்பதே என் விசுவாசம், அதனால் "எல்லாம் டிராமா" என்ற பதில் வேண்டாம். எதை உண்மை என்று எடுத்துக்கொள்வது, எதை ஒதுக்குவது?

நெல்லைக்காரர்:
பிரதர், கூட்டத்துக்கு வருகிறவர்கள் எழுதிக் கொடுக்கும் ஜெபக்குறிப்புச் சீட்டை முதலில் பாருங்கள். பெயர், ஊர், வியாதி மூன்றும் அதில் இருக்கும். மேடையில் வருவதும் அந்த மூன்றேதான் என்றால் அங்கே வரத்துக்கு வேலையே இல்லை, வாசிக்கத் தெரிந்தால் போதும். சீட்டு எழுதாதவர்களும் அழைக்கப்படுகிறார்களா, சீட்டில் இல்லாத விவரம் ஏதாவது வருகிறதா என்று கவனியுங்கள். வாசலில் அன்பாகப் பேசி விசாரிக்கும் வாலண்டியரும், முன்பதிவு ஃபாரமும் சீட்டுக்குச் சமம்தான்.

அமெரிக்காவில் சுகமளிக்கும் ஊழியர் பீட்டர் போபாஃப் இப்படித்தான் 1986-இல் மாட்டினார். அவர் காதில் சின்ன ரிசீவர். மேடைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சீட்டுகளை வாசித்துக்கொண்டிருந்தார். மேஜிக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் குழு 39.17 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் அதைப் பிடித்துப் பதிவு செய்து டிவியில் போட்டுக் காட்டியது. மறு வருஷம் போபாஃப் திவால் மனு கொடுத்தார். பிறகு டிவிக்குத் திரும்பியும் வந்துவிட்டார், அது வேறு கதை!

ரிசீவரே தேவைப்படாத வகையும் உண்டு. இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் "முதுகுவலியோடு ஒரு சகோதரி" என்றால் நாற்பது பேர் எழுந்து நிற்பார்கள்.

எஸ்றா77:
விழுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் 1740-களின் ஆவிக்குரிய எழுப்புதலில் ஜனங்கள் அலறி விழுந்தபோது போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் சொன்னதும் அதுதான்: சரீரத்தில் நடப்பது ஆவியானவரின் கிரியை என்பதற்கும் அத்தாட்சி இல்லை, இல்லை என்பதற்கும் அத்தாட்சி இல்லை.

ஆனால் கையைப் பாருங்கள். கண் மூடி, பாதம் இரண்டையும் சேர்த்து, முகத்தை அண்ணாந்து நிற்கிறவரின் நெற்றியில் விரல் வைத்து லேசாகப் பின்னோக்கி அழுத்தினாலே நிலை தடுமாறும். பின்னால் பிடிக்க ஆள் தயாராக நின்றால் உடம்பு தானாகவே ஒத்துழைக்கும்.

குட்டைக் கால் வளர்வதும் அப்படியே. உட்கார்ந்திருப்பவரின் இரண்டு குதிகாலையும் பிடித்துத் தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்தால் ஒரு கால் குட்டையாகத் தெரியும். நேராகக் கொண்டுவந்தால் "வளர்ந்துவிடும்". ஷூவைக் குதிகாலிலிருந்து கொஞ்சம் இழுத்துவைத்து, பிறகு அழுத்திவிடுவது இன்னொரு வழி. ஷூவைக் கழற்றி, முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்கும்படி உட்காரவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜெபவீரன்:
"நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்று வசனம் இருக்கிறது. ஊழியர்களைக் குறை பேசிச் சாபத்தைத் தேடிக்கொள்ளாதீர்கள்.

எஸ்றா77:
அந்த 105-ஆம் சங்கீதம் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றியது, ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி சொன்னது. அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜா என்பதால் தாவீது சவுலைக் கொல்லவில்லை, சரி. ஆனால் என்கேதி குகைக்கு வெளியே நின்று, எல்லாரும் கேட்க அவனிடம் நியாயம் கேட்டானே! 1 கொரிந்தியர் 14:29-இல் தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" என்று இருக்கிறது. நிதானிப்பது குறை பேசுவது ஆகாது. நிதானிக்க இடமே கொடுக்காத மேடையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மருந்துக்கடை_அண்ணன்:
சாட்சி விஷயத்தில் ஒன்று. மேடையில் வலி குறைவது உண்மையாகவே நடக்கும். அந்த உற்சாகத்தில் சில மணி நேரம் வலி தெரியாது. அதனால் மறுவாரம் கேளுங்கள். சர்க்கரையும் பிரஷரும் உணர்ந்து பார்க்கிற வியாதிகள் அல்ல. சர்க்கரை போய்விட்டது என்று ஒருவர் சாட்சி சொன்னால் முன்பும் பின்பும் எடுத்த ஹெச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும். அது சுமார் மூன்று மாத சராசரி என்பதால் கூட்டம் முடிந்த மறுநாள் எடுத்துப் பிரயோஜனமில்லை.

"விசுவாசத்தோடு மாத்திரையை நிறுத்து" என்கிறவரிடம் அதற்குமேல் உட்கார வேண்டாம். டைப் 1 சர்க்கரைக்காரர் இன்சுலினை விட்டால் ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் விடாமல் வலிப்பு வரலாம். இயேசுவே குஷ்டரோகியிடம் ஆசாரியனுக்குப் போய்க் காண்பி என்றுதான் சொன்னார். சுகமானதை உறுதி செய்வது அன்றைக்கு ஆசாரியன் வேலை.

வேதவாசகன்:
நன்றி அண்ணன். காணிக்கையில் எதைப் பார்க்கணும்?

நெல்லைக்காரர்:
க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினதும் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். டிரஸ்ட் பெயரா, பாஸ்டரின் சொந்தப் பெயரா? டிரஸ்டியாக இருப்பவர்கள் புருஷன், மனைவி, மகன் மட்டும்தான் என்றால் கணக்குக் கேட்க ஆளே இல்லை. அமெரிக்காவில் 1979-இல் தொடங்கிய இசிஎஃப்ஏ என்ற, கிறிஸ்தவ ஊழியங்களின் பண நேர்மையைப் பார்க்கும் அமைப்பு, குறைந்தது ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு, அதில் பெரும்பான்மை வெளியாட்கள் என்று விதி வைத்திருக்கிறது. நம் ஊர் சபைக்கும் அந்த அளவுகோல் பொருந்தும். தணிக்கை செய்த வருடாந்தரக் கணக்கைக் கேளுங்கள். தருகிறார்களா என்பதோடு, கேட்டதும் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பாருங்கள்.

ஆதித் திருச்சபையின் போதனை நூலான திதாகே இதில் ரொம்பக் கறார். ஊர் ஊராக வரும் ஊழியர் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு. மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த இடம் சேரும்வரைக்கு அப்பம் மட்டும் கொடுங்கள், பணம் கேட்டால் அவனும் கள்ளன் என்கிறது.

வேதவாசகன்:
மூன்று நாள் கன்வென்ஷன் போடுகிறவர்கள் காதில் இது விழாமல் இருக்கட்டும் 😄