பசங்களோட பழைய ஷூவ என்னதான் பண்றது?

ரெட்டைவால்_அம்மா:
அலமாரிய ஒழிச்சப்போ பெரியவனோட பழைய ஷூ மட்டும் ஒம்போது ஜோடி தேறுச்சு. நாலு ஜோடி சைஸ் பத்தாம போனது, பாக்க புதுசு மாதிரிதான் இருக்கு, மீதி அஞ்சும் முன்னாடி வாயப் பொளந்துட்டு நிக்குது. குப்பைல போட மனசு வரல, இத போய் யாருக்காவது குடுத்தா நல்லாருக்குமா, இல்ல ரீசைக்கிள் பண்றவங்க எடுத்துப்பாங்களா? சின்னவளுக்கே மாட்டிவிட்டா என்னன்னும் ஒரு யோசனை ஓடுது.

மூணாவது_மாடி:
சைஸ் பத்தாதது வேற, தேஞ்சது வேற, மொதல்ல ரெண்டயும் பிரிங்க. நான் ஒரு தடவ எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிக் கொண்டுபோய் குடுத்தேன், அங்க இருந்த அக்கா ஒண்ண எடுத்து கவுத்துப் பாத்துட்டு "இத உங்க புள்ளைக்குப் போடுவீங்களா"ன்னு கேட்டாங்க பாருங்க, மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. குடுக்கறத சோப்புத் தண்ணில பிரஷ் போட்டு நிழல்ல காய வைங்க, சுள்ளுனு வெயில்ல போட்டா ஒட்டு விட்டுரும். ஈரத்தோட கட்டுனா பூஞ்சை புடிச்சு பக்கத்துல இருக்கறதும் சேந்து போச்சு. ஜோடிய லேஸால முடிச்சு போட்டுருங்க, ஒத்த ஷூ யாருக்கும் ஆகாது.

சோல்_மாஸ்டர்:
ஷூ கம்பெனில வேல பாக்கறேன், அதனால தேஞ்சத பத்தி சொல்றேன். மேல துணி இல்லன்னா ரெக்ஸின், நடுவுல ஃபோம், அடில ரப்பர், எல்லாத்தையும் பசை போட்டு ஒட்டிருக்கும், அத பிரிக்கறதுதான் பெரிய தலவலி. அதனால மெஷின்ல அரைச்சு ரப்பர் தனியா ஃபோம் தனியா எடுத்து ஓடுற டிராக், பிளேகிரவுண்ட் தரைக்குப் போடுவாங்க, நைக்கி 1990கள்ல இருந்தே இத பண்றாங்க. ஆனா ஸ்போர்ட்ஸ் ஷூதான் எடுப்பாங்க, செருப்பு சாண்டல்லாம் கிடையாது. முக்கியமா நடந்தா லைட் எரியற ஷூ இருந்தா ரீசைக்கிள் மூட்டைல போட்டுறாதீங்க!! குதிகாலுக்குள்ள பேட்டரி இருக்கு, நசுங்குனா தீப்பிடிக்கும். அத எலக்ட்ரானிக் குப்பை வாங்கற இடத்துல குடுங்க. நீங்களே நோண்டி எடுக்கவும் வேணாம், பட்டன் பேட்டரிய குழந்த முழுங்கிட்டா உயிருக்கே ஆபத்து.

ரெட்டைவால்_அம்மா:
ஐயோ லைட் எரியறதே ரெண்டு ஜோடி இருக்கு, நல்லவேள கேட்டேன். சின்னவளுக்குப் போடலாமான்னு யாரும் சொல்லலியே?

மூணாவது_மாடி:
ஷூவ மேசை மேல வெச்சு பின்னாடி இருந்து பாருங்க. குதிகால் ஒரு பக்கமா சாஞ்சிருந்தா வேணாம், அண்ணன் நடை அதுல பதிஞ்சிருக்கும். நேரா இருந்தா உள்ள இருக்கற அட்டைய எடுத்து அது மேல அவள நிக்க வைங்க, விரலுக்கு முன்னாடி ஒரு சென்டிமீட்டராவது மிச்சம் இருக்கணும்.

சோல்_மாஸ்டர்:
அடுத்த வருஷம் ஆகும்னு எடுத்து வெக்கறதும் சரிப்படாது. பியூ சோலா (பாலியூரித்தேன்னு ஒரு வகை பிளாஸ்டிக் ஃபோம்) இருந்தா போடாம வெச்சாலே காத்துல இருக்கற ஈரத்துல நாளடைவுல பொடிப்பொடியா உதிர்ந்துரும்.

ரெட்டைவால்_அம்மா:
இப்பதான் பாத்தேன், நாலுல ஒண்ணு அழுத்துனதுமே கேக் மாதிரி உதிருது. மீதி மூணும் நேராதான் நிக்குது, மேடம்தான் "அண்ணா ஷூ நாறும்"னு ஓடிட்டாங்க, அதனால மூணையும் ஊற வெச்சாச்சு.